ஒரு சூட்டும் தைக்காமல் சூட் நிபுணர் ஆவது எப்படி?

லண்டன் மேஃபேர் பகுதியில் சவில் ரோ என்றொரு சின்னத் தெரு. பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தால்கூட ஐந்து நிமிடத்தில் தெரு முடிந்துவிடும். அங்கே ஆளுக்கென்று அளவெடுத்துக் கையால் ஒரு சூட் தைக்க 5,000 பவுண்டுக்கு மேல் ஆகும். அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கிப் பார்ப்பது நிபுணருக்கு அழகல்ல.

தமிழ்நாட்டு ஆண்பிள்ளை தன் ஆயுளில் சூட் போடும் நாள் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: கல்யாண ரிசப்ஷன். அதையும் தேர்ந்தெடுத்தது மச்சானாக இருக்கும். கழற்றிப் பீரோவில் வைத்தபின், அதன் அடுத்த பயணம் தம்பியின் ரிசப்ஷனுக்கு. இப்படிப்பட்ட நாம் எங்கே, அந்தக் கலை எங்கே என்று மனம் தளர வேண்டாம். ஒரு ராகமும் பாட வராதவர்கள் டிசம்பர் சீசனில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதில்லையா? தையலையும் அப்படியே ரசிக்கலாம். கொஞ்சம் மௌனம், தேவையான நேரத்தில் உயர்கிற ஒற்றைப் புருவம், கீழே உள்ள பாடங்கள். இவை போதும்.

பாடம் 1: பரம்பரையைச் சொல்லுங்கள்

எந்தக் கலையானாலும் பரம்பரையில் தொடங்கினால் எதிராளி பாதி அடங்கிவிடுவார். ஜேம்ஸ் பூல் 1806-இல் தொடங்கிய தையல் கடைக்கு, அவர் மகன் ஹென்றி பூல் 1846-இல் சவில் ரோ பக்கம் வாசல் வைத்தார். இன்று அந்தத் தெருவுக்கு இருக்கும் பெயருக்கு அவரைத்தான் மூலபுருஷர் என்பார்கள். ஹன்ட்ஸ்மன் கடை 1849, ஆண்டர்சன் அண்டு ஷெப்பர்ட் 1906. இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் ஒப்பிக்கக் கூடாது. “பூல் வாசலைத் திருப்பி வைத்த காலத்தில்…” என்று நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த வாசல் என்று கேட்க யாருக்கும் தைரியம் வராது.

இளவட்டங்கள் கூடிய இடமானால் பீட்டில்ஸை இழுத்து விடுங்கள். 1969 ஜனவரி 30-ஆம் தேதி அவர்கள் மொட்டை மாடியில் வாசித்தார்களே, அந்தக் கட்டடம் சவில் ரோ மூன்றாம் எண். பதினைந்து நாள் கழித்து, பிப்ரவரி 14-ஆம் தேதி, அதே தெருவில் டாமி நட்டர் என்ற இளைஞர் எட்வர்ட் செக்ஸ்டன் என்ற கட்டிங் மாஸ்டரோடு கடை திறந்து, மார்பில் மடிந்து கிடக்கும் லேப்பல்களை அகல அகலமாக வைத்து தெருவின் பெரியவர்களைக் கலங்கடித்தார். ‘அபே ரோடு’ இசைத்தட்டின் அட்டையில் சாலையைக் கடக்கும் நால்வரில் மூவர் போட்டிருப்பது நட்டர் கடைச் சூட். ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் டெனிம். உலகமே பால் மெக்கார்ட்னியின் வெறுங்காலைப் பார்க்கும். நீங்கள் லேப்பலைப் பாருங்கள்.

பாடம் 2: மூன்று வகுப்புகளைப் பிரித்து வையுங்கள்

ரெடிமேட் என்பது உங்களைப் பார்க்காமலே தைத்தது. மேட் டு மெஷர் என்பது, ஏற்கெனவே உள்ள பொதுப் பேட்டர்னை உங்கள் அளவுக்குக் கூட்டிக் குறைத்துத் தைத்தது. பெஸ்போக் என்பது, உங்கள் ஒருவருக்காகப் பழுப்புக் காகிதத்தில் புதுப் பேட்டர்ன் வரைந்து, அதை வைத்துத் துணி வெட்டி, பல முறை போட்டுப் பார்த்துக் கையால் தைத்தது. அந்தக் காகிதப் பேட்டர்ன் கடையில் உங்கள் பெயரோடு தொங்கும். வருடா வருடம் நீங்கள் பெருக்கப் பெருக்க அதில் திருத்தங்கள் விழும். ஜாதகத்தில் எழுதாததெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும்.

2004-இல் தொடங்கிய சவில் ரோ பெஸ்போக் சங்கம், தன் உறுப்பினர் தைக்கும் சூட்டில் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 2008-இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, அளவெடுத்தபின் இயந்திரத்தில் வெட்டித் தைத்த சூட்டையும் பெஸ்போக் என்று விளம்பரம் செய்யலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தையல்காரர்களுக்கு அது இடி. உங்களுக்கு அது பொக்கிஷம். யாராவது புதுச் சூட்டைக் காட்டி “பெஸ்போக் சார்” என்றால், “2008-க்கு முந்தைய அர்த்தத்திலா, பிந்தைய அர்த்தத்திலா?” என்று மட்டும் கேளுங்கள். அன்று மாலை அவர் சாப்பிட மாட்டார்.

பாடம் 3: ஆளைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள்

சாதாரண மனிதர்கள் ஒருவரைச் சந்தித்தால் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பின்னங்கழுத்தில் தொடங்க வேண்டும். கோட்டின் காலர் சட்டைக் காலரை ஒட்டியே உட்கார வேண்டும், கையைத் தூக்கினாலும் திரும்பினாலும் விலகக் கூடாது. டெலிவிஷனில் தலைவர்கள் பேசும்போது பாருங்கள். கோட்டு ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், நடுவே விரல் நுழையும் இடைவெளி. அன்றிலிருந்து எந்தத் தலைவர் என்ன பேசினார் என்பது உங்கள் காதில் விழாது. இதுவே முதல் வெற்றி.

அடுத்து தோள். தையல் முடியும் இடமும் தோள் முடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற எதையும் பிறகு ஆல்டர் செய்யலாம், தோளில் கை வைத்தால் கோட்டையே பிரிக்க வேண்டி வரும். கோட்டுக் கையின் விளிம்புக்குக் கீழே சட்டையின் கஃப் அரை அங்குலம் தெரிய வேண்டும். கையைத் தூக்கினால் கோட்டு முழுதும் மேலே எழுந்து வரக் கூடாது. எழுந்தால் ஆம்ஹோல் தாழ்வாக வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அக்குளை நெருங்கி உயரமாக வெட்டிய ஆம்ஹோலில்தான் கை தாராளமாக ஆடும். இறுக்கினால் இடம் கிடைக்கும் என்கிற இந்த விசித்திரம், கட்டிங் மாஸ்டர்களுக்கும் கும்பகோணம் பஸ் கண்டக்டர்களுக்கும் மட்டுமே தெரிந்தது.

இனி நெஞ்சு. விலை குறைந்த கோட்டில் முன்பக்கத் துணிக்குள்ளே பசை தடவிய உள்துணியை இஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். சில சலவைக்குப் பின் அது குமிழ் விடலாம். நல்ல கோட்டில் குதிரை முடி கலந்த கேன்வாஸை நூற்றுக்கணக்கான சின்னத் தையல்களால் கையால் பிடித்திருப்பார்கள். அதனால்தான் லேப்பல் தட்டையாக மடங்காமல் உருண்டு வரும். சோதிக்க, மேல் துணியையும் உள்பக்கத் துணியையும் விரலால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவே தனியாக இன்னொரு அடுக்கு வழுக்கினால் கேன்வாஸ். அறிமுகம் இல்லாதவர் நெஞ்சில் கிள்ளும் முன் அனுமதி பெறுவது நல்லது.

கடைசியில் காஜா. கையால் போட்ட காஜா லேசாகப் புடைத்து, உள்பக்கம் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருக்கும். மோசமான காஜாவைச் சவில் ரோ தொழிலாளிகள் நசுங்கிய வண்டு என்பார்கள். முன்கையின் பட்டன்கள் உண்மையாகவே திறந்து மூட வேண்டும். திறக்கும் என்று காட்ட ஒன்றைக் கழற்றி விட்டுக்கொண்டு திரிபவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து இரக்கப்படுங்கள். எல்லாவற்றையும் போட்டு வைத்து, அவசியமில்லாமல் அடிக்கடி கை கழுவுங்கள்.

பாடம் 4: ராஜாவின் வயிற்றுக்கு மரியாதை கொடுங்கள்

வெய்ஸ்ட்கோட்டின் கடைசிப் பட்டனைப் போடக் கூடாது. ஏன்? ஏழாம் எட்வர்ட் மன்னருக்குத் தொப்பை பெருத்து அந்தப் பட்டன் எட்டவில்லையாம், சபையும் மரியாதைக்குத் தங்கள் பட்டன்களைக் கழற்றிவிட்டதாம். இது கதையோ நிஜமோ, இன்று ஒட்டி உலர்ந்த இளைஞர்களும் நூறு வருடம் முன்பு செத்த ஒருவரின் தொப்பைக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அதே எட்வர்ட் இளவரசராக இருந்தபோது, 1865-இல், சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் சாயங்காலம் சாவகாசமாகச் சாப்பிட ஒரு குட்டைக் கோட்டு வேண்டும் என்று பூல் கடையில் தைத்துக்கொண்டார். வால் நீண்ட கோட்டிலிருந்து தப்பிக்கத் தைத்த அந்தச் சோம்பேறிக் கோட்டுதான் பிறகு அமெரிக்காவின் டக்ஸீடோ பார்க் கிளப் பெயரைப் பெற்று, இன்று உலகத்திலேயே விறைப்பான உடையாக இருக்கிறது. ராஜா வீட்டுச் சோம்பல், மற்றவர்க்குச் சட்டம்.

அவர் பேரன் வின்சர் கோமகன் இன்னும் நுட்பமானவர். கோட்டு லண்டனில் பிரெடரிக் ஷோல்டேயிடம், பேண்ட் நியூயார்க்கில் வேறொருவரிடம். நெஞ்சிலும் முதுகிலும் கொஞ்சம் துணியைத் தாராளமாக விட்டு வெட்டும் முறைக்கு ஷோல்டேதான் பெயர் பெற்றவர். இன்னொரு ரகசியம்: வின்சர் முடிச்சு என்று உலகம் போடும் டை முடிச்சை வின்சர் கோமகன் போட்டதில்லை. உள்துணி தடித்த டையைச் சாதாரண முடிச்சில் போட்டார், முடிச்சு தானே பெருத்தது. இதை விருந்தில் சொன்னால் நாலு பேர் கழுத்தைத் தடவிக்கொள்வார்கள்.

பாடம் 5: அலட்சியத்தை ஒத்திகை பாருங்கள்

எல்லா விதியையும் கற்றபின் ஒரு விதியை மீற வேண்டும். மீறியது தெரிய வேண்டும், மீற மெனக்கெட்டது தெரியக் கூடாது. இத்தாலியில் 1528-லேயே காஸ்டிலியோனே அரசவைக்காரர்களுக்கு எழுதிய நூலில், பாடுபட்டுச் செய்ததைப் பாடுபடாமல் செய்ததாகக் காட்ட வேண்டும் என்று இதற்கு இலக்கணமே வகுத்துவிட்டார். ஃபியட் கார் கம்பெனி முதலாளி ஜியானி ஆன்யெல்லி கைக்கடிகாரத்தைச் சட்டைக் கஃபுக்கு மேலே கட்டினார். நேப்பிள்ஸ் தையல்காரர்கள் கோட்டின் கையைத் தோளில் சேர்க்கும்போது, சட்டைக்கு வைப்பதுபோலச் சின்னச் சுருக்கங்களை வேண்டுமென்றே விடுகிறார்கள். தெரியாதவர் கண்ணுக்கு அது தையல் பிசகு, தெரிந்தவருக்குக் கைப்பக்குவம்.

நீங்களும் செய்யலாம். ஆனால் கவனம். கடிகாரத்தைக் கஃபுக்கு மேலே கோடீஸ்வரர் கட்டினால் பாணி. நாம் கட்டினால், “தம்பி, வாட்ச் சட்டை மேலே ஏறிக்கிச்சு” என்று பக்கத்து சீட்டுக்காரர் அன்போடு சரிசெய்து விடுவார்.

பாடம் 6: துணியைத் தடவுங்கள், பேசாதீர்கள்

துணி மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் உடனே நிறத்தைச் சொல்லிவிடுவது கற்றுக்குட்டியின் அடையாளம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடி, எடையைச் சொல்லுங்கள். ஆங்கிலச் சூட்டுத் துணியை கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று அவுன்ஸ் அவர்கள் குளிருக்கு. ஏழெட்டு அவுன்ஸ் அவர்கள் கோடைக்கு. நம் சித்திரைக்கு அவர்களிடம் எண் கிடையாது.

சூப்பர் 100, சூப்பர் 150 என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். எண் ஏற ஏறக் கம்பளி இழை மெலிசு என்பது மட்டுமே பொருள். மெலிசு கூடினால் மழமழப்பு கூடும், உழைப்பு குறையும். பெரிய எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுபவரிடம், “தினமும் உட்காரும் பேண்டுக்கா?” என்று கவலையோடு விசாரியுங்கள். எதிர்த் திசையில் ஹாரிஸ் ட்வீட். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெசவாளிகள் தங்கள் வீட்டில் வைத்து நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. அது தலைமுறைக்கும் உழைக்கும். சென்னையில் அதைப் போட்டால் நீங்கள் உழைக்க மாட்டீர்கள்.

நம்மூர்க் கல்யாணத்துக்குத் தைப்பவர்களுக்கு மட்டும் விளையாட்டில்லாமல் ஒரு வார்த்தை: முறுக்கேறிய நூலில் இடைவெளி விட்டு நெய்த மெல்லிய கம்பளி, அல்லது லினன், லைனிங் பாதி முதுகுக்குப் போதும். முழு பாலியஸ்டர் லைனிங் போட்டுவிட்டு ஏ.சி.யைத் திட்டாதீர்கள்.

தமிழ் மண்ணின் பெருமை பேச இடம் தேடினால் மெட்ராஸ் செக் இருக்கிறது. இங்கே லுங்கி, கைலி என்று புழங்கிய கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி, 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைக்காலக் கோட்டு ஆனது. துவைத்தால் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்கள் யோசித்து, சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்தார்கள். கூட்டம் இன்னும் கூடியது. நம்மூர் ஜவுளிக்கடையில் இதே வசனத்தைச் சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறது என்று தெரியும்.

பாடம் 7: டிரையலில் வயிற்றை எக்காதீர்கள்

ஒருவேளை லாட்டரி விழுந்து நிஜமாகவே அளவு கொடுக்க நேர்ந்தால் இந்தப் பாடம். கட்டர் அளவை உரக்கச் சொல்வார், உதவியாளர் எழுதிக்கொள்வார். நடுநடுவே புரியாத எழுத்துகள் காதில் விழும். வலது தோள் தாழ்வு, முதுகு கூனல், தொப்பை முன்னால் என்பதையெல்லாம் உங்கள் மனம் நோகாமல் சுருக்கெழுத்தில் சொல்கிறார்கள். உண்மை வெளிவரும் இடம் அது. வயிற்றை எக்கி, மார்பை நிமிர்த்தி நின்றால், வாழ்நாள் முழுதும் அந்தச் சூட்டுக்காக எக்கிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

முதல் டிரையலில் உங்கள் கோட்டு வெள்ளை நூலில் பெரிய பெரிய தையலாகக் கோத்து, ஒரு கை இருந்தும் இல்லாமலும் வரும். கட்டர் சாக்பீஸால் கோடு போட்டு, சில சமயம் கையைப் பிய்த்தே எடுப்பார். பதறாதீர்கள், மறுபடி பிரித்து மேஜையில் தட்டையாக விரித்துத் திரும்ப வெட்டுவார்கள். இப்படி மூன்று முறையாவது வர வேண்டும், மாதங்கள் ஓடும். நம்மூர் டெய்லர் தீபாவளி முதல் நாள் ராத்திரி வரை “இன்னும் காஜா மட்டும்தான் சார்” என்று இழுத்தடித்தால் கோபப்படுகிறோம். அங்கே அதற்குப் பெயர் பாரம்பரியம்.

தைத்து வந்ததும் புதுமை தெரியும்படி போடக் கூடாது. 1962-இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்துக்கு இயக்குநர் டெரன்ஸ் யங், தன் சொந்தத் தையல்காரர் ஆண்டனி சின்க்ளேரிடம் ஷான் கானரியை அழைத்துப் போனார். சூட் உடம்போடு பழகட்டும் என்று கானரியை அதிலேயே தூங்கவும் சொன்னார் என்பது கதை. நாம் ரிசப்ஷன் முடிந்து அசதியில் செய்வதைத்தான் அவர் ஜேம்ஸ் பாண்டாக ஆவதற்குச் செய்திருக்கிறார்.

பாடம் 8: பட்டம் வாங்கியவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பாடத்திட்டத்தை முழுதும் படித்து முடித்து வெளியேறிய இந்தியர் ஒருவர் உண்டு. 1888-இல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன அவர், சவில் ரோவுக்குப் பக்கத்தில் உள்ள பாண்ட் தெருவில் பத்துப் பவுண்டு கொடுத்து மாலை நேரச் சூட் தைத்தார். பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார். டை கட்டப் பழகித் தினமும் கண்ணாடி முன் பத்து நிமிடம் நின்றார். அதை வீண்செலவு என்று பிற்பாடு சுயசரிதையில் அவரே எழுதினார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் நாலு முழத் துண்டுக்கு மாறிய காந்திதான் அவர். 1931-இல் அந்த உடையோடு பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போய் மன்னரைப் பார்த்தார். உடை என்ன பேசும் என்பதைக் கண்ணாடி முன் நின்று கற்றவர், கடைசியில் டெய்லர் தேவைப்படாத ஒன்றால் பேசிக் காட்டினார். மற்ற மாணவர்கள் இன்னும் டை முடிச்சில் இருக்கிறார்கள்.

பாடம் 9: மரபை ஒரு விஷயத்தில் மீறுங்கள்

கனவான்களின் மரபுகளில் மிகப் பழையது, தையல்காரருக்குப் பாக்கி வைப்பது. நவீன ஆண் உடைக்கே ஆதிகுரு என்று கொண்டாடப்படும் போ பிரம்மல், பட்டும் சரிகையும் போய்ச் சுத்தமான வெட்டும் கருநீலக் கோட்டும் வரக் காரணமானவர், 1816-இல் கடன்காரர்களுக்குத் தப்பிப் பிரான்சுக்கு ஓடினார். 1840-இல் கான் நகரத்து மனநல விடுதியில் இறந்தார். அது உடுத்தியவர் கதை. தைத்தவர் கதையும் உண்டு. இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் கேட்காமல் கடன் கொடுத்த ஹென்றி பூல், 1876-இல் இறந்தபோது, உலகத்திலேயே பெயர் பெற்ற தையல் கடையைக் கடனில் விட்டுப் போனார். உறவினர் சாமுவேல் கண்டி வந்துதான் கடையை நிமிர்த்தினார்.

எனவே சவில் ரோவுக்குப் போனால் கண்ணாடி ஜன்னலில் நிற்கும் பொம்மையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நடைபாதைக்குக் கீழே குனிந்தால் தரையடி அறைகளின் ஜன்னல் தெரியும். கேன்வாஸைப் பிடிப்பவர்களும் காஜா போடுபவர்களும் பல கடைகளில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் மனப்பாடம் செய்த பெயர்களில் ஒன்றுகூட அவர்களுடையதல்ல. கழுத்தை ஒட்டி உட்காரும் காலர் மட்டும் அவர்களுடையது.

லண்டன் போக வசதி இல்லையென்றால் உங்கள் தெருமுனைக்குப் போங்கள். அங்கே ஒரு டெய்லர் உங்கள் பழைய பேண்டின் இடுப்பைப் பிரித்துவிட்டு, வலது தோள் தாழ்வையும் யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துகொண்டிருப்பார். போன மாதப் பாக்கியைக் கேட்கக் கூச்சப்படுவார். அவர் கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். இந்த ஒன்பது பாடங்களில் உங்களை நிஜமாகவே நிபுணராக்கக் கூடியது இது ஒன்றுதான்.